டூபாக் அமாருவும் ஆண்டிஸ் மலைக் கிளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூபாக் என்றால் அந்த ராப் பாடகர்தானே?

பாடகர் இல்லை, ஆனால் அவர் பெயர் இங்கிருந்து போனதுதான். 1971இல் நியூயார்க்கில் பிறந்தபோது அந்தக் குழந்தைக்கு வைத்த பெயர் வேறு. ஒரு வயது வாக்கில்தான், கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தில் இருந்த அவருடைய அம்மா அதை மாற்றி டூபாக் அமாரு ஷகூர் என்று வைத்தார். இந்தப் பக்கம் அந்தப் பெயரின் சொந்தக்காரரைப் பற்றியது. 1780இல் இன்றைய பெருவிலும் பொலிவியாவிலும் ஸ்பெயின் ஆட்சியை ஏறத்தாழ இரண்டு வருஷம் தூங்கவிடாமல் செய்தவர்.

இரண்டு டூபாக் அமாரு, அப்புறம் ஒரு டூபாக் கத்தாரி என்று வருகிறதே, யார் யார்?

குழப்பம்தான். முதலாமவர் வில்கபம்பா மலைக்காட்டில் ஒதுங்கியிருந்த கடைசி இன்கா மன்னர். 1572இல் வைஸ்ராய் தொலேதோ அவரைப் பிடித்துவந்து பழைய இன்கா தலைநகரான குஸ்கோவின் சதுக்கத்தில் தலையை வெட்டினார். இரண்டாமவர் அவருடைய வம்சம் என்று சொல்லிக்கொண்ட ஹோசே காப்ரியேல் கொந்தோர்கன்கி, 1738இல் சுரிமானா என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர். நம் கதாநாயகர் இவர்தான். மூன்றாமவர் ஹூலியான் அப்பாசா, பொலிவியப் பக்கத்து அய்மாரா வியாபாரி. கோக்கா இலையும் கம்பளித் துணியும் விற்றுவந்தவர், கிளர்ச்சி வந்ததும் டூபாக் கத்தாரி என்று பெயரை மாற்றிக்கொண்டார். கெச்சுவா மொழியில் அமாரு என்றாலும் பாம்பு, அய்மாராவில் கத்தாரி என்றாலும் பாம்பு.

கொந்தோர்கன்கி ஏழை விவசாயியா?

இல்லவே இல்லை, அங்கேதான் கதை சுவாரசியமாகிறது. அவர் குராக்கா, அதாவது சுரிமானா, துங்கசூக்கா, பம்பமார்க்கா ஆகிய ஊர்களுக்குப் பரம்பரைத் தலைவர். வரி வசூலித்துக் கொடுப்பதும், சுரங்க வேலைக்கு ஆள் பிடித்து அனுப்புவதும், ஊர்ச்சண்டை தீர்ப்பதும் அவர் வேலை. குஸ்கோவில் குராக்கா பிள்ளைகளுக்கென்று இயேசு சபையார் நடத்திய பள்ளியில் படித்தவர், ஸ்பானிஷும் கெச்சுவாவும் சரளம். 350 கோவேறு கழுதைகள் வைத்துச் சரக்கு ஏற்றிப் போகும் தொழிலும் இருந்தது. அந்தத் தொழிலை லேசாக நினைக்க வேண்டாம். குஸ்கோவுக்கும் வெள்ளிச் சுரங்க ஊரான போத்தோசிக்கும் நடுவே எந்த ஊரில் என்ன புலம்பல், எந்த அதிகாரி எவ்வளவு பிடுங்குகிறான், எந்தக் கணவாயில் எப்போது பனி விழும் எல்லாம் தெரிந்த ஆள். பின்னால் கிளர்ச்சிச் செய்தி மலை முழுக்க அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்தச் சரக்குப் பாதைகள் ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

அப்படி என்ன கொடுமை நடந்தது?

மூன்றைச் சொல்லலாம். முதலாவது மித்தா. சம்பளம் என்று ஏதோ கொடுத்தாலும் கட்டாய வேலைதான். குறிப்பிட்ட மாகாணங்களிலிருந்து வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துப் போத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் நடை, கூடவே மனைவி, பிள்ளை, சுமை தூக்கும் லாமா விலங்கு, உலர்த்திய உருளைக்கிழங்கு. போனவர்களில் பலர் திரும்பவில்லை. செத்தவர்கள் ஒரு பக்கம், ஊருக்குத் திரும்பினால் மறுபடி பிடித்துப் போவார்கள் என்று வேறெங்கோ தங்கிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். ஆள் குறைந்தாலும் ஒதுக்கீடு லேசில் குறையாது, மிச்சமிருப்பவர்கள் தலையில்தான் விழும்.

இரண்டாவதுதான் ஜனங்களின் வயிறு எரிந்த விஷயம். ரெபார்த்தோ என்பார்கள். மாகாண அதிகாரியான கொரெகிதோர் தன் பதவியைக் கடன் வாங்கித்தான் அடைவார், அந்தக் கடனை அடைக்கத் தன் மாகாணத்து மக்களிடம் கட்டாயமாகச் சரக்கு விற்பார். வேண்டாம் என்று சொல்ல முடியாது, விலை பேசவும் முடியாது. சந்தை விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு சொல்லிக் கோவேறு கழுதையைத் தலையில் கட்டுவார்கள். கழுதையாவது உழைக்கும். கண்பார்வை நன்றாக இருப்பவருக்கு மூக்குக்கண்ணாடி, மீசை தாடியே சரியாக முளைக்காதவருக்குச் சவரக்கத்தி, வெறுங்காலோடு நடப்பவருக்குப் பட்டுக் காலுறை, இப்படியெல்லாம் விற்றதாக அந்தக் காலத்துப் புகார்களில் வருகிறது. பணம் கட்டாவிட்டால் ஜெயில், இல்லை துணி நெய்யும் பட்டறையில் அடைத்து வேலை வாங்குவது. 1750களில் இந்தக் கூத்தைச் சட்டபூர்வமாகவே ஆக்கினார்கள்.

மூன்றாவது வரி. விற்பனை வரி 2 சதவீதத்திலிருந்து 4 ஆகி, 1776இல் 6 ஆனது. ஊருக்கு ஊர் சுங்கச் சாவடி முளைத்தது. அதே வருஷம் போத்தோசியைப் பெருவிலிருந்து பிரித்துப் புவனோஸ் ஐரிஸ் நிர்வாகத்தின் கீழ் வைத்தார்கள், பழைய வியாபாரப் பாதைகள் அடிபட்டன. ஏழை பூர்வகுடிகள் மட்டுமில்லாமல் கொந்தோர்கன்கி போன்ற நடுத்தரக்காரர்களும், தென்னமெரிக்காவிலேயே பிறந்த ஸ்பானியரும் கொதித்ததற்கு இதுதான் காரணம்.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?

போனார். 1777இல் லீமாவுக்குப் போய், மாதக்கணக்கில் தங்கி, இரண்டு விஷயத்துக்கு மனுப் போட்டார். தான் முதலாம் டூபாக் அமாருவின் வாரிசு என்று அங்கீகரிக்க வேண்டும், தன் மக்களை மித்தாவிலிருந்து விடுவிக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. போத்தோசிக்கு அருகே சயந்தா மாகாணத்தில் தோமாஸ் கத்தாரி என்ற அய்மாராக்காரர் இதைவிட ஒரு படி மேலே போய், புவனோஸ் ஐரிஸ் வரை நடந்தே சென்று வைஸ்ராயைப் பார்த்துக் கோரிக்கை கொடுத்தார். சாதகமான பதிலும் கிடைத்தது. ஊர் திரும்பியதும் உள்ளூர் அதிகாரிகள் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1780 ஆகஸ்டில் சயந்தா வெடித்தது, டூபாக் அமாரு கிளம்புவதற்கும் முன்னால். பெருவே எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று எழுதும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கிளர்ச்சி எப்படித் தொடங்கியது?

ஒரு மதிய விருந்தில். 1780 நவம்பர் 4, மன்னர் மூன்றாம் கார்லோஸின் பெயர்த் திருநாள். யனாவோக்கா ஊர்ப் பாதிரியார் வீட்டில் விருந்து. கொரெகிதோர் அந்தோனியோ தே அரியாகாவும் வந்திருந்தார், கொந்தோர்கன்கியும் வந்திருந்தார். ஒரே மேசை. சாப்பாடு முடிவதற்குள் ஏதோ காரணம் சொல்லி இவர் எழுந்து போய்விட்டார். அரியாகா வீடு திரும்பும் வழியில் ஆட்களோடு காத்திருந்து பிடித்தார். துங்கசூக்காவுக்குக் கொண்டுபோய், பணமும் ஆயுதமும் அனுப்பச் சொல்லி அவர் கையாலேயே கடிதங்கள் எழுத வைத்தார். அவை கொரெகிதோரின் உத்தரவு என்று நம்பி எல்லாம் வந்து சேர்ந்தது.

நவம்பர் 10ஆம் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் முன்னால் அரியாகாவுக்குத் தூக்கு. தூக்குப் போட்டது அவரிடமே அடிமையாக இருந்த அந்தோனியோ ஒப்லித்தாஸ். முதல் தடவை கயிறு அறுந்து விழுந்தது, மறுபடி ஏற்றினார்கள். இதெல்லாம் ராஜாவின் உத்தரவுப்படி நடக்கிறது, கெட்ட அதிகாரிகளை ஒழிக்க மன்னரே சொல்லியிருக்கிறார் என்று அறிவிப்பும் செய்தார்கள். அப்படி ஓர் உத்தரவு கிடையாது. ஆறு நாள் கழித்து, தன் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று ஓர் அறிவிக்கை.

ராஜாவின் பெயரைச் சொன்னார் என்றால் அது சுதந்திரப் போராட்டமா இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர், கோயிலையும் பாதிரிகளையும் தொடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் மன்னர் வாழ்க, மறுபக்கம் இன்கா பட்டம். அதிகாரிகள் மட்டும்தான் எதிரி என்று படித்தவர்களிடம் பேசினார். மலையில் அவர் பின்னால் வந்த விவசாயிகளோ அவரை இன்காவாகவே பார்த்தார்கள், தலைகீழாய்க் கிடக்கும் உலகம் திரும்ப நிமிரப்போகிறது என்று நம்பினார்கள். இரண்டும் ஒரே படைக்குள் இருந்தது.

மிக்காயேலா பஸ்திதாஸ் யார்? வெறும் மனைவியா?

வெறும் மனைவி என்று எழுதுபவர்கள் அவர் கடிதங்களைப் படித்ததில்லை. கணவர் டூபாக் அமாரு படையோடு தெற்கே சுற்றிக்கொண்டிருந்தபோது துங்கசூக்காவிலிருந்து எல்லாவற்றையும் நடத்தியவர் இவர். தானியம், பணம், துப்பாக்கி, யார் எந்தப் பாதையில் போகலாம் என்ற அனுமதிச்சீட்டு, கட்சி மாறுகிற குராக்காவுக்கு மிரட்டல், எல்லாம் இவர் கையில்.

1780 டிசம்பர் 6இல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. கணவரைச் செல்லமாக ‘சேப்பே’ என்று கூப்பிட்டுத் தொடங்கி, அப்புறம் வாங்கு வாங்கென்று வாங்குகிறார். குஸ்கோவுக்கு உடனே போ என்று எத்தனை தரம் சொன்னேன், நீ காதிலேயே வாங்கவில்லை, ஊர் ஊராக நிதானமாக நடந்துகொண்டிருக்கிறாய், அதற்குள் அவர்கள் தயாராகிவிடுவார்கள், இங்கே சனங்களும் சலித்துப்போய்க் கிளம்புகிறார்கள், என்கிற தொனி. அவர் சொன்னதுதான் நடந்தது.

இன்னொரு பெயரையும் விடக் கூடாது. அக்கோஸ் ஊரின் பெண் குராக்கா தொமாசா தீத்தோ கொந்தேமைத்தா. படை திரட்டிக் கொடுத்து, கடைசியில் குஸ்கோ சதுக்கத்தில் உயிரை விட்டவர்.

அவ்வளவு பெரிய கூட்டம் இருந்தும் குஸ்கோ ஏன் விழவில்லை?

தாமதம் ஒன்று. நவம்பர் 18இல் சங்கராராவில் பெரிய வெற்றி கிடைத்தது. ஸ்பானியப் படை தேவாலயத்துக்குள் ஒதுங்கியது, வெடிமருந்து பற்றி, கோயில் எரிந்து, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அன்றே குஸ்கோவுக்குத் திரும்பியிருந்தால் என்று மிக்காயேலாவைப் போலவே எனக்கும் தோன்றும். டூபாக் அமாருவோ தெற்கே டிட்டிகாக்கா ஏரிப்பக்கம் ஆள் சேர்க்கப் போனார். இங்கே குஸ்கோ ஆயர் மொஸ்கோசோ, கோயிலை எரித்தவன் என்று அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். பக்தியுள்ள மக்களிடம் அது துப்பாக்கியைவிட பலமாக வேலை செய்தது.

அப்புறம் குராக்காக்கள். குஸ்கோவைச் சுற்றியிருந்த பழைய இன்கா குடும்பங்களுக்கு இந்தக் கோவேறு கழுதைக்காரர் தங்களைவிட உசத்தி என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. சிஞ்செரோ குராக்கா மத்தேயோ பூமக்காவா தன் ஆட்களோடு ஸ்பெயின் பக்கம் நின்றார். டிசம்பர் 28இல் தொடங்கிய முற்றுகை ஜனவரி 10இல் கலைந்தது. குஸ்கோவைக் காப்பாற்றியவர்களில் பெரும்பகுதி கெச்சுவா பேசுகிறவர்கள்தான். இதே பூமக்காவா, முப்பத்து நாலு வருஷம் கழித்து 1814இல், வயதான காலத்தில், தானே ஸ்பெயினுக்கு எதிராகக் கிளம்பி 1815இல் கொல்லப்பட்டார். மனுஷ வாழ்க்கை!

மே 18 அன்று என்ன நடந்தது?

ஏப்ரலில் கூட இருந்தவர்களே காட்டிக்கொடுக்க, டூபாக் அமாரு லங்கி என்ற ஊரில் மாட்டிக்கொண்டார். 1781 மே 18, குஸ்கோ சதுக்கம். மூத்த மகன் இப்போலித்தோவையும் மிக்காயேலாவையும் அவர் கண்முன்னே கொன்றார்கள். மிக்காயேலாவின் கழுத்து மெலிதாக இருந்ததால் கழுத்தை நெரிக்கும் இரும்புக் கருவி பிடிக்கவில்லை, கயிறு போட்டு இழுத்தும் உதைத்தும் கொன்றார்கள். பிறகு டூபாக் அமாருவின் நாக்கை அறுத்து, நான்கு குதிரைகளில் கை கால்களைக் கட்டி நான்கு திசையிலும் இழுக்க விட்டார்கள். உடல் பிய்யவில்லை. கடைசியில் தலையை வெட்டினார்கள். தலை தின்தாவுக்கு, ஒரு கை துங்கசூக்காவுக்கு, மற்றவை வேறு ஊர்களுக்கு. சின்ன மகன் ஃபெர்னாந்தோவை நிற்கவைத்து இதையெல்லாம் பார்க்க வைத்தார்கள்.

தீர்ப்பில் ஏன் உடை, இசையெல்லாம் வருகிறது?

தீர்ப்பு எழுதியவர் அரேச்சே, ஸ்பெயினிலிருந்து வந்த அரசு ஆய்வாளர். அவர் தடை செய்தவற்றைப் பாருங்கள்: இன்கா உடை, வீட்டுச் சுவரில் தொங்கும் இன்கா மன்னர் படங்கள், பழைய மன்னர்களை நினைவூட்டும் நாடகங்கள், பூத்தூத்து என்ற சங்கு ஊதுவது, மன்னர்களுக்குத் துக்கமாகக் கறுப்பு உடுத்துவது, கையெழுத்தில் இன்கா என்று போட்டுக்கொள்வது. கெச்சுவாவை விட்டு எல்லாரும் ஸ்பானிஷ் பேச வேண்டும் என்றும் உத்தரவு. இரண்டு நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன மன்னர்களுக்கு 1781லும் மக்கள் துக்கம் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? கெச்சுவாவை இன்றும் லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள்.

அதோடு முடிந்ததா?

இல்லை, தெற்கே இன்னும் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. டூபாக் கத்தாரியும் அவர் மனைவி பர்த்தோலினா சீசாவும் 1781 மார்ச்சிலிருந்து லா பாஸ் நகரை வளைத்தார்கள். லா பாஸ் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர், விளிம்பில் நின்றால் முழு நகரமும் காலடியில். கத்தாரி விளிம்பில் பாளையம் போட்டுப் பாதைகளை அடைத்தார். உள்ளே இருந்தவர்கள் கோவேறு கழுதை, நாய், பூனை, தோல் வரைக்கும் தின்றார்கள். நடுவே ஒரு இடைவெளி விட்டு அக்டோபர் வரை நீடித்தது. நவம்பர் 15இல் கத்தாரியும் பேன்யாஸ் என்ற ஊரில் குதிரைகளால் கிழிக்கப்பட்டார், பர்த்தோலினா அடுத்த வருஷம் செப்டம்பர் 5இல் கொல்லப்பட்டார்.

கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் தப்பே இல்லையா?

இருக்கிறது. சொராத்தா நகரத்தை வளைத்தவர்கள் மேலே அணை கட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு மதிலை உடைத்தார்கள், உள்ளே புகுந்து செய்த கொலைகளுக்குக் கணக்கில்லை. மொத்தச் சாவு ஒரு லட்சம் என்று வழக்கமாகச் சொல்வார்கள், அதில் மிகப் பெரும்பகுதி பூர்வகுடிகள்.

‘திரும்பி வருவேன், கோடிக்கணக்கில் வருவேன்’ என்று கத்தாரி சொன்னாராமே?

பொலிவியாவில் சுவருக்குச் சுவர் இருக்கிற வரிதான். ஆனால் அந்தக் காலத்து ஆவணங்களில் அது இல்லை, இருபதாம் நூற்றாண்டில் பரவியது. அர்ஜென்டினாவில் இதே வரியை எவா பெரோன் சொன்னதாகச் சொல்கிறார்கள். பெருவிலும் ஒன்று உண்டு. ‘விவசாயியே, எஜமான் இனி உன் வறுமையைத் தின்ன மாட்டான்’ என்று டூபாக் அமாரு சொன்னதாக, அப்போது பெருவை ஆண்ட ஜெனரல் வெலாஸ்கோ 1969 ஜூன் 24இல் நிலச்சீர்திருத்தம் அறிவித்தபோது முடித்தார். அருமையான வரி, ஆனால் அது 1780இன் குரலாகத் தெரியவில்லை.

தோற்றுப்போன கிளர்ச்சிதானே, என்ன மிச்சம்?

ரெபார்த்தோவை 1780 டிசம்பரிலேயே ஒழித்தார்கள், கிளர்ச்சி நடக்கும்போதே. கொரெகிதோர் பதவி 1784இல் போனது. குஸ்கோவுக்கென்று தனி நீதிமன்றம் 1787இல் வந்தது. அவர் கேட்டதில் பெரும்பகுதியை, அவரைத் துண்டு துண்டாக வெட்டிய பிறகு கொடுத்தார்கள். மித்தா மட்டும் இழுத்துக்கொண்டே போனது. 1820களில் வந்த சுதந்திரம் வெள்ளைத்தோல் பண்ணையார்களின் சுதந்திரம், பூர்வகுடிகள் தலைவரியைப் பெருவில் 1854 வரை கட்டினார்கள்.

பிறகு யார் யார் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்?

யார்தான் எடுக்கவில்லை. வெலாஸ்கோவின் ராணுவ அரசு டூபாக் அமாருவைப் பணநோட்டில் போட்டது, 1975இல் கெச்சுவாவை ஆட்சிமொழியாக்கியது. அவர் முகம் எப்படி இருந்தது என்பதற்கு நம்பகமான படமே இல்லை, அகலத் தொப்பி வைத்த அந்த உருவம் ஓவியர்களின் கற்பனை. உருகுவேயில் துப்பமாரோக்கள் என்ற கெரில்லா இயக்கம், அதில் இருந்த ஹோசே முஹிக்கா 2010இல் ஜனாதிபதியானார். பெருவில் அதே பெயரில் ஒரு ஆயுதக்குழு 1996 டிசம்பரில் ஜப்பான் தூதர் வீட்டைப் பிடித்து 126 நாள் வைத்திருந்தது, பணயம் பிடித்த பதினான்கு பேரும் கொல்லப்பட்டார்கள். 2013இல் பொலிவியா சீனாவிலிருந்து ஏவிய செயற்கைக்கோளுக்கும் டூபாக் கத்தாரி என்றுதான் பெயர்.

இதில் எது உண்மையான எதிரொலி?

என்னைக் கேட்டால் பெயரில் இல்லை, சாலை மறியலில். 1970களில் பொலிவிய அய்மாரா மாணவர்களும் விவசாய சங்கத்தாரும் கத்தாரிஸ்தா என்ற இயக்கமாகத் திரண்டார்கள், 1973இல் தியவனாக்கு அறிக்கை வந்தது. 2000இல் ஃபெலிப்பே கிஸ்பே தலைமையில் ஊர்கள் லா பாஸுக்குப் போகும் பாதைகளைக் கல்லைப் போட்டு அடைத்தன. 2003 அக்டோபரில் இயற்கை எரிவாயுவைச் சிலி வழியாக ஏற்றுமதி செய்யும் திட்டத்தை எதிர்த்து எல் ஆல்தோ நகரமே தெருவுக்கு வந்தது. எல் ஆல்தோ எங்கே இருக்கிறது தெரியுமா? கத்தாரி பாளையம் போட்ட அதே விளிம்பில். அதே பாதைகள் அடைபட்டன, கீழே பெட்ரோலும் இறைச்சியும் தீர்ந்தன. ராணுவம் சுட்டதில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், ஜனாதிபதி சாஞ்செஸ் தே லொசாதா அக்டோபர் 17இல் ராஜினாமா செய்துவிட்டு அமெரிக்காவுக்குப் பறந்தார். அந்த அலையில்தான் 2006இல் ஏவோ மொராலெஸ் என்ற அய்மாராக்காரர் பதவிக்கு வந்தார். அவர் ஆட்சியிலேயே 2011இல், தங்கள் காட்டுக்குள் சாலை போடாதே என்று நடந்துவந்த தாழ்நிலப் பூர்வகுடிகளைப் போலீஸ் அடித்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் யாராவது மிஞ்சினார்களா?

ஃபெர்னாந்தோவை ஸ்பெயினுக்குக் கப்பலேற்றினார்கள். 1786இல் போர்ச்சுகல் கரையில் கப்பல் உடைந்தும் பிழைத்தான், ஊர் திரும்பாமல் முப்பது வயது வாக்கில் ஸ்பெயினிலேயே இறந்தான். டூபாக் அமாருவுக்கு ஹுவான் பவுத்திஸ்தா என்று தந்தை வழித் தம்பி ஒருவர். அவரை ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சியூட்டாவில் அடைத்துவைத்தார்கள், ஒன்றல்ல இரண்டல்ல, முப்பது வருஷத்துக்கும் மேல். 1816இல் அர்ஜென்டினாவின் துக்குமான் நகரில் கூடிய பேரவையில், புதிய நாட்டுக்கு ஓர் இன்காவை மன்னராக்கலாம் என்று தளபதி பெல்கிரானோ யோசனை சொன்னபோது, அதற்குத் தோதான ரத்த உறவுக்காரர் கைதியாக உட்கார்ந்திருந்தார். 1822இல் விடுதலையாகிப் புவனோஸ் ஐரிஸ் வந்தபோது எண்பதை நெருங்கிய கிழவர். அரசு உதவித்தொகை கொடுத்து, நினைவுகளை எழுதச் சொன்னது. எழுதினார். விடுதலைப் போர்த் தளபதி பொலிவாருக்கு ஒரு கடிதமும் அனுப்பினார். குஸ்கோவுக்குப் போக முடியாமலே 1827இல் அங்கேயே காலமானார்.